தண்ணீரில் நிற்பவளின் தாகம்

அக்கா மகள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் கடற்பாசிகளைப் பற்றி ஆய்வு செய்கிறாள். அதற்காகவே ஸ்கூபா கற்றுக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறாள். மாசி, பங்குனியில் அந்தக் கடல் 7 அல்லது 8 டிகிரியில் இருக்கும். கோடையிலும் 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். “சித்தி, சொந்தமா ஒரு ட்ரை சூட் வாங்கணும், கொஞ்சம் பணம் குடுக்க முடியுமா?” என்று அவள் கேட்டபோது, வகுப்பில் நெய்தல் திணை நடத்துகிற எனக்கு அந்த உடுப்பின் பெயரே புதிது.

குளிர்ந்த கடலில் மூழ்க இரண்டு வகை உடுப்புகள் உண்டு. வெட் சூட், தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே கொஞ்சம் நீரை விடும். ட்ரை சூட் ஒரு சொட்டையும் விடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை, நீர் புகாத ஜிப், காலோடு சேர்ந்த பூட்ஸ். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் சூட்டை உடலோடு வைத்து நசுக்கும். அப்போது மார்பிலுள்ள வால்வு வழியாக உள்ளே காற்று விட வேண்டும். மேலே வரும்போது தோளருகே உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. பழக்கமில்லாதவர் தலைகீழானால் காற்று காலுக்கு ஓடி ஆளையே மேலே தூக்கிவிடும்.

நியோப்ரீன் சூட் தடித்த ரப்பர். தானே கதகதப்பு தரும், உடலோடு இழுபடும். ஆனால் கனம், காய நாளாகும், ஆழத்தில் நசுங்கி மெலியும். இன்னொரு வகை மழைக்கோட்டுபோல மெல்லிய பல அடுக்குத் துணி. கனமில்லை, சீக்கிரம் காயும். அதற்கென்று சூடு கிடையாது. உள்ளே போடும் கம்பளி உடுப்புதான் சூடு. பணம் குறைவென்றால் பழைய சூட் பார்க்கலாம் என்றாள். கழுத்துப் பட்டையும் கைப்பட்டையும் எப்படியும் சில ஆண்டுகளில் பிய்ந்து மாற்ற வேண்டியவைதான். ஜிப் நன்றாக இருக்க வேண்டும். அதை மாற்றுவதுதான் பெரிய செலவு. கழுத்தையும் கைகளையும் அடைத்து, காற்றை நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். நம் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற அதே வேலை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவள் கைக்கு எட்டிய விலையில் வந்தவை எல்லாம் ஆண் அளவுகள். தோள் தொளதொளக்கும், இடுப்பு பிடிக்கும், பூட்ஸுக்குள் பாதம் நீந்தும். தொளதொளப்பான இடத்தில் காற்று போய்த் தேங்கும் என்பதால் இது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. பெண் உடலுக்கென்று வெட்டியவை இருந்தன, விலை கூடுதலாக.

அக்கா கொதித்தாள். “அந்தக் காசுக்கு வளையல் எடுத்து வச்சா கல்யாணத்துக்கு ஆவும். நீ ஏன்டி அவளுக்கு ஒத்து ஊதுற?” மகள் பவுண்டில் கேட்டாள், அம்மா பவுனில் எண்ணினாள். பெண்ணின் உடம்பில் பூட்டும் தங்கம் சேமிப்பு. அதே உடம்பு வேலை செய்ய வாங்கும் உடுப்பு வீண் செலவு.

கடைசியாக, தயங்கித் தயங்கி அவள் இன்னொன்றும் சொன்னாள். காலையில் படகேறினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். சூட்டை மாட்டிவிட்டால் சிறுநீர் கழிக்க வழியில்லை. ஆண்களுக்கு முன்பக்க ஜிப் உண்டு. நீருக்குள்ளேயே வெளியேற்றக் குழாயும் வால்வும் உண்டு. பெண்களுக்கும் இப்போது அப்படி ஒரு சாதனம் வந்திருக்கிறது, உடலில் ஒட்டிக்கொண்டு வால்வோடு இணைப்பது. அது இல்லாதவர்கள் டயப்பர் கட்டிக்கொள்கிறார்கள். இவள் இரண்டும் இல்லாமல், முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாளாம். உடலில் நீர் வற்றியவர்களுக்கு, ஆழத்திலிருந்து மேலேறும்போது நைட்ரஜன் குமிழ் கட்டும் ஆபத்து கூடும் என்று மூழ்குபவர்களுக்குப் பாடமே நடத்துகிறார்கள். பாடம் தெரிந்தும் அவள் குடிப்பதில்லை.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா சொன்னார்: “நடவுக்குப் போறப்ப நாங்களும் அப்படித்தான் கண்ணு. விடிஞ்சதுலேருந்து பல்லுல தண்ணி படாது.”

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனம். ஐப்பசி அடைமழையில் தாளடி நடவு நடக்கும். புடவையைத் தூக்கிச் செருகி, மேலே அப்பாவின் கிழிந்த முழுக்கைச் சட்டை, தலையில் கொங்காணியாக மடித்த உரச்சாக்கு. அம்மாவின் நீர் உடுப்பு அவ்வளவுதான். அதுவும் ஆண் அளவுதான். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த வயல். வரப்பில் ஆண்கள் நிற்பார்கள். சிறுநீர் கழிப்பதை நாம் ‘ஒதுங்குவது’ என்கிறோம்; ஒதுங்க ஓர் இடம் இருக்கும் என்று அந்தச் சொல் நம்பிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வயலாக விரியும் எங்கள் பகுதியில் ஒரு மறைவு கிடையாது. அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்துகொண்டே இருந்தது. ‘சூடு’ என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார். நாளெல்லாம் தண்ணீரில் நின்றவருக்குச் சூடு.

கடலிலும் இதே சட்டை உண்டு. ராமேஸ்வரம், பாம்பன் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்து என்ற பாசியைப் பறிக்கிறார்கள். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். புடவைமேல் ஆண் சட்டை, விரல்களில் சுற்றிய துணியும் ரப்பர் துண்டும், கண்ணுக்கு ஒரு கண்ணாடி. காற்று உருளை இல்லை, மூச்சை அடக்கித்தான் இறங்க வேண்டும். 1986-இல் அங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு, தலைமுறையாகப் போய்வந்த கடலிலேயே அவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். மாதத்துக்கு 12 நாள்தான் பறிப்பது என்று அவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதைப் பெற்றார். விருது வந்தது. நீருக்குள் போட ஒரு பெண்ணுடுப்பு வரவில்லை. அக்கா மகள் ஆராய்வதும் பாசி, அவர்கள் பறிப்பதும் பாசி. ஆராய்ச்சிக்கென்றால் ஆண் அளவிலாவது ஒரு சூட் இருக்கிறது. கூலிக்குப் பறிப்பவளுக்கு அதுவும் இல்லை.

நாங்கள் வாங்கியது பழைய சூட்தான். மெல்லிய துணி வகை, பெண் அளவு. ஜிப் நன்றாக இருந்தது. கழுத்துப் பட்டையும் கைப்பட்டையும் புதிதாக மாற்றச் சொன்னோம். மிச்சப்பட்ட பணத்தில் அந்தச் சிறுநீர் வால்வைப் பொருத்திக்கொள்ளச் சொன்னேன். “அதுக்குக்கூடவா காசு?” என்றாள் அக்கா. “அதுக்குத்தான் மொதல்ல குடுக்கணும்” என்றார் அம்மா. அக்கா அதற்குமேல் பேசவில்லை.

கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பேருந்து ஏறும் என் மாணவிகளும் பாட்டிலைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவருகிறார்கள். களப்பணிக்குப் போகும் பெண்கள், துணிக்கடையில் நின்றே விற்கும் பெண்கள், சாலை போடும் பெண்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். அவர்களுடைய வறண்ட நாக்கு எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் பல வேலைகள் இவ்வளவு மலிவாக முடிகின்றன. நாளை நீங்கள் ஓர் உடுப்பையோ, படகையோ, வேலையிடத்தையோ தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தால் விலையைக் கேளுங்கள், அளவைக் கேளுங்கள். கூடவே, காலையிலிருந்து மாலைவரை அங்கே ஒரு பெண் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க முடியுமா என்றும் கேளுங்கள்.