பட்டியலில் இல்லாத ஊர்

நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் எங்கெங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் பெரிய பயணி அல்லன். இராயபுரத்தில் குடியிருந்துகொண்டு, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவன். அந்தப் பணி எனக்குத் தந்த நல்ல வரங்களுள் ஒன்று, நான்காண்டுக்கு ஒருமுறை கிடைத்த விடுமுறைப் பயணச் சலுகை. அதைக் கொண்டு நானும் என் துணைவியாரும் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் அமர்ந்தே இப்பெருநாட்டின் நான்கு திசைகளையும் கண்டுவிட்டோம்.

கன்னியாகுமரியில் சித்திரை முழுநிலவு நாளன்று, ஒருபுறம் கதிரவன் மறைய மறுபுறம் நிலவு எழுவதைக் கண்டோம். கொச்சியில் சீன வலைகள் தாழ்ந்து எழுவதைக் கரையில் நின்று நெடுநேரம் பார்த்தோம். பழைய கோவாவில் 1605ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட குழந்தை இயேசு பேராலயத்தின் பூச்சற்ற செந்நிறச் சுவர்களின் முன், புனித சவேரியாரின் வெள்ளிப் பேழையைக் காண வந்த பல மொழி மக்களோடு மக்களாக வரிசையில் நின்றோம். டார்ஜிலிங் மலையில், 1881இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு இரயில், கடைவீதிகளை உரசிக்கொண்டு முகிலுக்குள் நுழைந்தபோது நாங்களும் சிறுவர்களானோம். ஒடிசாவின் சிலிகா ஏரியில், குளிர்காலப் பறவைகளுக்கிடையே படகில் சென்றோம். மேற்குக் கரைக்கு ஆனி, ஆடி மழையில் போகாதீர்கள், சிலிகாவுக்கு மார்கழி, தை மாதங்களில் போங்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்லும் அளவுக்கு அனுபவம் சேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், கனடாவில் வாழும் என் தம்பி மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மூன்று வாரங்களில் எவற்றைப் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அவனுடைய பத்து வயது மகள் அதைப் படித்துவிட்டு, "தாத்தா, நீங்கள் இருக்கும் ஊர் இதில் இல்லையே?" என்றாள். நான் வாய் திறக்குமுன் அவள் தந்தை சிரித்தான். "இங்கே என்னம்மா இருக்கிறது? கண்டெய்னர் லாரியும் புகையும்தான். இல்லையா, பெரியப்பா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆயினும் அது முழு உண்மையும் இல்லை. மறுநாள் விடியுமுன் அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் காசிமேடு. விசைப்படகுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க, விளக்கொளியில் வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாக இறங்கின. ஏலம் விடும் பெண்களின் குரல் கடலின் ஓசையை விஞ்சியது. அங்கிருந்து இராயபுரம் இரயில் நிலையம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். இன்று நாட்டில் எஞ்சி நிற்கும் இரயில் நிலையக் கட்டடங்களுள் இதுவே மிகப் பழையது என்பர். தென்னாட்டார் இரயிலேறி ஊர் சுற்றத் தொடங்கிய வாசலே நம் தெருமுனையில் இருக்கிறது. அதனைக் கடந்து வேறு ஊர்களின் அழகைத் தேடி ஓடுகிறோம்! பின்னர், படகோட்டிகள் தம் உழைப்பால் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம். மீனவரான அந்தத் திருத்தூதரின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று என்று சிறுமிக்குச் சொன்னேன். திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலின் பழமையைக் கண்டோம். அனைத்தையும் துறந்த பட்டினத்தார் அடங்கிய இடம் கடலை நோக்கி அமைந்திருப்பதையும் கண்டோம்.

இறுதியாக எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. ஒரு பக்கம் வானளாவிய புகைபோக்கிகள். மறுபக்கம் அலையாத்திச் செடிகளின் பசுமை. இடையே ஓடும் நீரில் இருளர் குலப் பெண்கள் மார்பளவு ஆழத்தில் அமிழ்ந்து, வெறும் கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்வியபடி அவர்கள் நகர்வதைச் சிறுமி இமைக்காமல் பார்த்தாள். ஒரு வெண்கொக்கு அவர்களுக்கு அஞ்சாமல் அருகிலேயே நின்றது. "அழகாக இருக்கிறது" என்றாள், மெல்ல.

கரையேறிய மூதாட்டி ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அழகுதான் கண்ணு. எங்க ஆத்தா காலத்துல காலு வெச்சா சேறு. இப்ப வெச்சா சாம்பலு. பாத்துட்டு நீங்க போயிடுவீங்க. நாங்க நாளைக்கும் இதுலதான் எறங்கணும்."

அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அச்சொற்கள் என்னை நெடுநாள் விடவில்லை. துன்பப்படுகிறவர்களின் வாழ்விடத்தைப் பார்த்து 'அழகு' என்று வியப்பது தகுமா? அவர்களுடைய இடுப்பளவுத் துயரம் நமக்குக் காட்சிப் பொருளா? அப்படிப் பார்த்துத் திரும்புவதைவிட, அந்தப் பக்கமே போகாதிருப்பது நேர்மையல்லவா?

பல நாள் எண்ணிப் பார்த்த பின் நான் வேறொரு முடிவுக்கு வந்தேன். எண்ணூர் எப்போதும் இப்படிப் பட்டியலுக்கு வெளியே நின்ற ஊர் அன்று. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட கால்வாய்தான் பின்னாளில் நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் நகரத்துச் செல்வர்கள் ஓய்வுக்காக இங்கே வந்து தங்கினர். காற்று வாங்க வந்த ஊர்! பிறகு தொழிற்சாலைகள் வந்தன, மின் நிலையங்கள் வந்தன, துறைமுகங்கள் வந்தன. அவை நாட்டுக்குத் தேவையல்ல என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு விளக்கும் அவற்றால்தான் எரிகிறது. ஆனால், இடையில் எப்போதோ இவ்வூர் அழகற்றது என்று நம் மனங்களில் எழுதப்பட்டுவிட்டது. அழகற்றது என்று முத்திரை குத்திய இடத்தில் எதையும் கொட்டலாம், கேட்பாரில்லை. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படிந்தது. இளைஞர்கள் வாளிகளால் அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. கூழைக்கடாக்களின் வெண்சிறகு கருத்தது. அதே மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். மெரினாக் கரையில் இவை நிகழ்ந்திருந்தால் நகரம் எவ்வளவு துடித்திருக்கும்!

சிலிகா ஏரியும் ஒரு காலத்தில் நலிந்துதான் கிடந்தது. கடல்வாய் தூர்ந்து, களை மண்டி, மீன்வளம் குன்றி, ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் 1993இல் அது சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு புதிய கடல்வாய் வெட்டப்பட்டது. மீன் திரும்பியது, மீனவர் வாழ்வும் திரும்பியது. 2002இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது. உலகம் அறிந்த ஏரி அது. அதன் அழகுக்குச் சாட்சிகள் பலர் இருந்தனர். எண்ணூருக்குச் சாட்சிகள் யார்?

ஆகவே பார்ப்பது குற்றமன்று. பார்த்துவிட்டு மறப்பதே குற்றம். மூதாட்டி நம்மைப் போகச் சொல்லவில்லை. தாம் நாளையும் இறங்கவேண்டும் என்பதை நினைவில் வைக்கச் சொன்னார். ஓர் ஆற்றை அறிந்தவனே அதற்காகப் பேச முடியும். கண்ணால் காணாத ஒன்றன் மரணத்துக்கு எவரும் அழுவதில்லை.

கோடை விடுமுறையில் நம் பங்குகளிலிருந்து பேருந்துகள் புறப்படும். ஊட்டிக்கும் கோவாவுக்கும் மகிழ்வோடு சென்று வாருங்கள். இந்நாட்டின் பேரழகுகள் நம் அனைவர்க்கும் உரியவை. அதற்குமுன் ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகளின் கைபிடித்து வடக்கே வாருங்கள். எண்ணூரின் முகத்துவாரத்தில் சற்று நில்லுங்கள். நேரமிருந்தால் பழவேற்காடு வரை சென்று, பூநாரைகளையும் மகிமை மாதா திருத்தலத்தையும் காணுங்கள். கரையில் இறாலை விற்க அமர்ந்திருப்பவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஆறு எப்படி இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஊர் சுற்றியவன் கொண்டுவரும் பொருள்களுள் அதைவிட மதிப்புள்ளதை நான் கண்டதில்லை.