எட்டு விளக்குகளும் எரிந்தன

கணினி வலையமைப்புக் கேபிளின் முனையில் ஆர்.ஜே.45 செருகியைப் பொருத்துவது கடினமான வேலையன்று. ஆயினும் சாதாரண மின்கம்பியைப் பொருத்தியவரின் அனுபவம் இங்கே முழுமையாக உதவாது. மின்சாரத்துக்குப் பாதை அறுபடாதிருந்தால் போதும். தரவுக்கு அது போதாது.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம் ஒவ்வொன்றுக்கும் அதே நிறக் கோடிட்ட வெள்ளைக் கம்பி துணை. தொலைபேசிக்காக அலெக்சாண்டர் கிரகம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஒரே சமிக்ஞை சோடியின் இரு கம்பிகளிலும் எதிரெதிராகச் செல்கிறது. வெளி இரைச்சலோ முறுக்கின் காரணமாக இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படுகிறது. மறுமுனையில் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் கழிந்துபோகிறது.

யாழ்ப்பாணத்தில் என் அக்காவின் வீடு தடித்த சுவர்களைக் கொண்ட பழைய கல்வீடு. முன்விறாந்தையிலுள்ள ரவுட்டரின் வைஃபை பின்னறையை எட்டாது. ஆகவே கேபிள் இழுப்பித்தார். கனடாவிலுள்ள மகனோடு ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேச அவருக்கு அந்த அறைதான் வசதி. ஆனால் படம் உறைந்தது. குரல் துண்டு துண்டானது. ஈற்றில் தொடர்பே அறுந்தது. அக்கா கேபிளைச் சந்தேகிக்கவில்லை. மகனைச் சந்தேகித்தார்.

"அவனுக்கு இப்ப என்னோட கதைக்கப் பஞ்சி. அதுதான் இடையில வைக்கிறான்."

கேபிள் இழுத்த இளைஞரை அழைத்தேன். வீட்டு மின்னிணைப்பு வேலையில் கைதேர்ந்தவர். சோதனைக் கருவியை இரு முனைகளிலும் மாட்டினார். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"எட்டும் எரியுது ஐயா. வயரில பிழை இல்லை."

அவர் சொன்னது பொய்யன்று. நான்கு சோடிகளையும் அவர் அடுத்தடுத்து அழகாக அடுக்கியிருந்தார், இரு முனைகளிலும் ஒரே விதமாக. நியமம் கேட்பதோ வேறு. ரி568பி முறையில் வரிசை இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். நடுவிலுள்ள நான்காம், ஐந்தாம் இடங்கள் நீலச் சோடிக்கு. பச்சைச் சோடி அதன் இரு பக்கமும் பிரிந்து மூன்றிலும் ஆறிலும் நிற்கும். கருவிகள் மூன்றையும் ஆறையும் சோடியென்றே கொள்கின்றன. இளைஞரின் அடுக்கில் மூன்றில் பச்சையின் துணை, ஆறில் நீலம். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரு கம்பிகள் சோடியாக நடித்தன. இரைச்சல் கழியவில்லை.

பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநர்கள் இதை அறிவர். மூலப்பிரதியிலேயே பிழை இருந்தால், அச்சு அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலும் பிழை பிழையே.

பொருத்திய செருகியை மீளப் பயன்படுத்த முடியாது. இரண்டையும் வெட்டி எறிந்தோம். மேலுறையை ஓர் அங்குலம் நீக்கி, கம்பிகளை நியம வரிசையில் நேராக்கி, நுனிகளைச் சமமாக வெட்டினோம். செருகியின் கொளுவி கீழேயும் கேபிள் நுழையும் வாய் நம்மை நோக்கியும் இருக்கும்போது இடப்பக்கமே முதலாம் இடம். தனிக் கம்பிகளின் உறையைச் சுரண்டத் தேவையில்லை. குறட்டால் அழுத்தும்போது செருகியின் உலோகப் பற்களே அதைத் துளைத்துவிடும். மேலுறை செருகிக்குள் சென்று பிடிபட வேண்டும். முறுக்கு பிரிந்த பகுதி 13 மில்லிமீற்றரை மீறலாகாது.

சோதனைக் கருவியில் மீண்டும் அதே எட்டு விளக்குகள், அதே வரிசையில் எரிந்தன. ஆனால் அடுத்த ஞாயிறு மருமகனும் அக்காவும் ஒரு மணித்தியாலம் தடங்கலின்றிக் கதைத்தார்கள். மூன்று மாதமாக அவன் மீது இருந்த குறையை அக்கா அவனிடமே சொல்லிச் சிரித்தாராம். தாய்க்குத்தான் தன்னோடு கதைக்க அலுத்துவிட்டதென்று அவனும் எண்ணியிருந்தான்.

உங்கள் வீட்டிலும் கேபிள் இருந்து இணைப்பு தடுமாறினால், செருகியின் கண்ணாடிபோன்ற உடலினூடாக ஒருமுறை உற்றுப் பாருங்கள். மூன்றாவதும் ஆறாவதும் ஒரே நிறச் சோடியாக இருக்க வேண்டும். மலிவான சோதனைக் கருவி இதைச் சொல்லாது.