உண்ணிக்கொக்குக்கு அட்ரஸ் கேட்ட கதை

எங்க காவாந்தண்டலம் பக்கம் சேற்றில் டிராக்டர் இறங்கினால் பின்னாலேயே பத்து இருபது வெள்ளைக் கொக்குகள் வரிசை கட்டும். மாட்டு முதுகிலும் ஏறி நிற்கும். அதுதான் உண்ணிக்கொக்கு. 2024 அக்டோபரில் இபேர்ட் தளம் இதை இரண்டு இனமாகப் பிரித்துவிட்டது: கிழக்கு உண்ணிக்கொக்கு, மேற்கு உண்ணிக்கொக்கு.

நம்முடையது கிழக்கு. அதன் அறிவியல் பெயரில் வரும் 'கோரமாண்டா' நம்ம சோழமண்டலக் கரைதாங்க! 1783-ல் போடார்ட் என்பவர் வைத்தது.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இனப்பெருக்கக் காலத்தில் சுலபம். கிழக்குக்குத் தலை, கன்னம், தொண்டை, கழுத்து எல்லாம் பொன்னிறம் ஏறும். மேற்குக்கு உச்சந்தலை, மார்பு, முதுகில் மட்டும் திட்டுத் திட்டாக இருக்கும். மற்ற மாதங்களில் இரண்டுமே வெள்ளை வெளேர். டெக்சாஸில் இருக்கும் பெரியப்பா பையன் ஒரு போட்டோ அனுப்பினான். அசப்பில் எங்க வயல் கொக்கேதான். டெக்சாஸ் என்பதால் மேற்கு என்றேன். வேறு ஆதாரம் ஏது?

நான் முன்பு எழுதிவைத்த பதிவுகளும் இப்படித்தான், ஊரை வைத்துத் தானாகவே 'கிழக்கு' ஆகிவிட்டன. பி.காம் படிக்கிறவனுக்கு இது உறுத்தாதா? ஒரு கணக்கை இரண்டாகப் பிரித்து, வவுச்சர் பார்க்காமலே பேலன்ஸை மாற்றி எழுதுகிற மாதிரி! ஆனால் யோசித்தால், தமிழ்நாட்டின் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு ஊர்ப் பெயரே நல்ல வவுச்சர்தான்.

சிக்கல் என்னவென்றால், இது ஊர் சுற்றுகிற பறவை. மேற்கு உண்ணிக்கொக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டித் தென் அமெரிக்கா போய், 1940-களில் வட அமெரிக்காவையும் எட்டிவிட்டது. கிழக்கு சும்மா இருந்ததா? அதே 1940-களில் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. நாளைக்கே ஒரு மேற்குக் கொக்கு வழி தவறி இங்கே வந்தால், எல்லோரும் ஊரை வைத்தே பெயர் எழுதினால், அது வந்ததே யாருக்கும் தெரியாது. அப்புறம் "இங்கே மேற்கு கிடையாது" என்பதற்கு நம்ம பதிவுகளையே சாட்சி காட்டுவார்கள் :)

அதனால் இப்போது குறிப்பில் 'கன்னம் பார்த்தது' அல்லது 'ஊரை வைத்து' என்று சேர்த்தே எழுதுகிறேன். பைனாகுலரோடு வரப்பில் நிற்பதைப் பார்த்த பக்கத்து வயல் மாமா, "கொக்குக்கு எதுக்குடா கன்னம் பார்க்கறே, பொண்ணா பார்க்கப் போறே?" என்கிறார்.