நான்காம் மாதமா, ஏழாம் மாதமா?

எண்பது வயது நிறையும் பெரியோரை அவர்தம் பிறந்த நாளன்று இல்லம் தேடிச் சென்று வணங்கி வருவது நம் சங்கத்தின் வழக்கம். 2018-ஆம் ஆண்டு அப்பட்டியலைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு நம்மிடம் வந்தது. நிரல் எழுதுவதே நமது பிழைப்பு. ஆகவே ஒரே இரவில் முடித்துப் பெருமிதம் கொண்டோம்.

ஜூலை 4-ஆம் நாள் மாலை, வேறொரு காரியமாக ஓர் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் பட்டுப் புடவை உடுத்தி, கேசரி கிண்டி வைத்து, வாயிலைப் பார்த்தவண்ணம் அமர்ந்திருந்தார். "வா தம்பி! மற்றவர்கள் பின்னால் வருகிறார்களா?" என்று கேட்டார். அன்றுதான் அவருக்கு எண்பது நிறைந்த நாள். சங்கத்தாரோ ஏப்ரல் 7-ஆம் நாளே பழத்தட்டுடன் வந்து போயிருந்தனர். செவி சற்று மந்தமாதலால், சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு வந்தார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டாராம்.

இரவு நிரலை ஆராய்ந்தோம். படிவத்தில் அவர் எழுதியிருந்தது 04/07/1938. நம் நாட்டில் நாள் முதலில் வரும். நாம் கையாண்ட கட்டளையோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கொள்வது. 25/07 என்றிருந்தால், இருபத்தைந்தாம் மாதம் இல்லையென்று நிரல் மறுத்துவிடும். அவ்வாறு மறுக்கப்பட்டவற்றை அன்றே கையால் திருத்தினோம். மற்றவையும் ஐயத்துக்குரியன என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. நாளும் மாதமும் இவ்வாறு இடம் மாறித் தடுமாறக்கூடிய தேதிகள் ஓர் ஆண்டில் 132 உள்ளன.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பொதுமுறை 1988-இல் வெளியாயிற்று. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1938-07-04 என எழுத வேண்டும். அதன்படி மாற்றினோம்; அங்கும் ஒரு பள்ளம் காத்திருந்தது. அம்மையாரின் பிறந்த நாள் 1938-07-03T18:30:00Z என்று வந்து நின்றது! கடைசியில் உள்ள 'இசட்' உலகப் பொது நேரத்தைக் குறிப்பது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. இங்கே நள்ளிரவு தொடங்கும்போது அங்கே முந்தைய நாள் மாலை ஆறரை. நாம் கேளாமலே நாளுக்கு ஒரு மணியைச் சேர்த்து நிரல் கணக்கிட்டுவிட்டது. கூட்டம் நடைபெறும் வேளைக்கு +05:30 என்ற குறிப்பு வேண்டும். பிறந்த நாளுக்கோ மணியே வேண்டா. அதை வெறும் நாளாகவே வைத்துக்கொண்டோம்.

2019 ஜூலை 4 அன்று தவறாமல் சென்றோம். கேசரி இருந்தது. "இந்த ஆண்டு ஒரு தடவைதானா?" என்று அம்மையார் சிரித்தார். நம்மால் உடன் சிரிக்க இயலவில்லை.

அன்பர்களே, படிவம் நிரப்பும்போது மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். ஒருவர் வாயிலைப் பார்த்துக் காத்திருக்கும் மாலைப்பொழுது அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.