ஆறாம் வேற்றுமை

இளங்கலை முதலாண்டு மாணவிகளுக்குத் தொகைநிலைத் தொடர் நடத்தும்போது மாட்டுப்பால், தேங்காய்ப்பால், தாய்ப்பால் என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதுவேன். விரித்துச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சரியாகவே சொல்லிவிடுவார்கள். மாட்டினது பால், தேங்காயினது பால், தாயினது பால். ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். தாய்ப்பால் யாருடையது என்பதில் இலக்கணத்துக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் வீட்டுக்குத்தான் என்பதை நான் தெரிந்துகொண்டது மகள் பிறந்த பிறகு.

அவள் பிறந்தது 2014 ஐப்பசியில், திருநெல்வேலியில். ஏழாவது வாரம் அவளுடைய மலத்தில் சளியோடு சிவப்பாக நூல் நூலாக ஏதோ தெரிந்தது. கன்னத்தில் தடிப்பு. பால் குடித்து முடித்ததும் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவாள். குழந்தை மருத்துவர் பார்த்தார், மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினார், கடைசியில் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். "நீங்க கொடுக்கிற பாலை நிறுத்தாதீங்க. நீங்க குடிக்கிற பாலை நிறுத்துங்க." இரண்டே வாக்கியங்கள். ஆட்டோவில் வரும்போது எனக்கு இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன. வீட்டு வாசலைத் தாண்டியதும் அவை ஒரே வாக்கியமாகிவிட்டன: "தாய்ப்பால் பிள்ளைக்குச் சேரலயாம்."

இங்கே கொஞ்சம் உடலியல் சொல்ல வேண்டும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் போவது வேறு, பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைப்பது வேறு. லாக்டோஸ் பசும்பாலைவிடத் தாய்ப்பாலில்தான் அதிகம். 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம். கைக்குழந்தைக்கு அது செரிக்காமல் போவது பெரும்பாலும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில நாட்களுக்கு வரும் தற்காலிகத் தொல்லை. என் மகளுக்கு வந்தது இரண்டாவது வகை. பசும்பாலில் கேசின், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற புரதங்கள் இருக்கின்றன. இரண்டாவது புரதத்தை மனித உடம்பு உண்டாக்குவதே இல்லை. ஆனால் அம்மா குடிக்கிற காபி, தின்கிற தயிர் வழியாக அவை மிகச் சிறிய அளவில் அவளுடைய பாலுக்குள் வந்துவிடலாம். அந்தத் துளியே சில குழந்தைகளின் குடலைப் புண்ணாக்கப் போதும். ஆக, என் பாலில் குறையில்லை. அதில் மாடு இருந்தது.

இதை நான் அன்று வீட்டில் சொன்னேன். யாருக்கும் தேவைப்படவில்லை. "டப்பாப் பால் வாங்கிருவோம்லா" என்றார் அத்தை. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டப்பாப் பால் என்பதே பசும்பாலைப் பொடியாக்கியதுதான். ஒவ்வாமைக்கென்று புரதத்தைச் சிதைத்துச் செய்யும் மாவு தனியாக உண்டு. விலை பல மடங்கு, மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஒரு சித்தி ஆட்டுப்பால் என்றார். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்துக்கு நெருங்கிய சொந்தம். பக்கத்து வீட்டு அம்மா கழுதைப்பாலுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டார். தெருவில் கழுதையை ஓட்டி வந்து ஒரு சங்கு அளவு கறந்து, காய்ச்சாமல் தருவார்கள். நாட்டில் 1992 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, டப்பாவின் மேலேயே தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். நிறுவனத்தின் வாயைக் கட்ட அந்தச் சட்டம் போதும். சொந்தக்காரர்களின் வாயைக் கட்டுவதற்குச் சட்டம் இல்லை.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துப் பயந்தவர்கள். ஆனால் பயம் வந்ததும் எல்லோருடைய கண்ணும் என் தட்டுக்கு வந்ததைக் கவனித்தேன். "என்னத்தத் தின்னா?" என்று என் கணவரிடம் கேட்டார்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க. வகுப்பில் பலமுறை நடத்திய புறநானூற்று 278ஆம் பாடல் அப்போது எனக்கு வேறு மாதிரி கேட்டது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறங்காட்டினான் என்று யாரோ சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று கிளம்பும் முதியவளின் பாட்டு. மறம், வீரம், மூதின் மகளிர் என்றெல்லாம் உரை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையிடம் குறை என்று ஒரு பேச்சு வந்தால், அது உண்மையா என்று தெரிவதற்கு முன்பே விசாரணை தாயின் மார்புக்கு வந்துவிடுகிறது என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

பாலை விலக்குவது என்றால் டம்ளரை விலக்குவது என்று நினைத்திருந்தேன். பிஸ்கட்டில் பால் பவுடர். ரொட்டியில் பால் பவுடர். ரசத்தில் நெய்த் தாளிப்பு. கடை முறுக்கில் வெண்ணெய். குழந்தை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கையில் அல்வாவோடு வந்தார்கள். திருநெல்வேலியில் வேறென்ன கொண்டுவருவார்கள்? அதில் கைவிரல் வழுக்கும் அளவுக்கு நெய். பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் கேசின், வே, பால் திடப்பொருள் என்று பல பெயர்களில் ஒளிந்திருக்கும் ஒன்றையே தேடித் தேடிப் படித்தேன். பாடபேதம் பார்த்துப் பழகிய கண் அதற்கு உதவியது.

மார்கழி பிறந்திருந்தது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இரண்டாம் பாசுரத்தில் நோன்பிருக்கும் பெண்கள் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் முழங்கை வரை நெய் வழியும் பால்சோற்றோடு நோன்பை முடிக்கிறார்கள். ஆண்டாளின் பெண்கள் தாங்களே முடிவெடுத்தார்கள், தோழியரோடு கூடி இருந்தார்கள், நோன்புக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் ஒருத்தி பாலை விலக்கும்போது அதற்கு நம் வீடுகளில் பெயர் 'தாய்மை.' அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து மற்ற நான்கு பேருக்கும் பால் காய்ச்சி, காபி கலந்து, உறை ஊற்றி, அந்தப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்ததும் நான்தான்.

இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. நான்காம் வாரம் மருத்துவர் என்னை மறுபடி பால் குடிக்கச் சொன்னார். இது முக்கியமான படி; இதைச் செய்யாமல் விட்டால் காரணம் பால்தானா என்று உறுதியாகாது, ஒருத்தி காரணமில்லாமல் வருடக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். இரண்டு நாள் தயிர்சோறு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அந்தச் சிவப்பு நூல் திரும்பி வந்தது. அன்று மாலை அடுப்படியில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: "நாளையிலேருந்து இந்த வீட்ல பால் வேணுங்கிறவங்க பாலைக் காய்ச்சிக்கோங்க." கத்தவில்லை. அழவில்லை. மறுநாள் காலை பால் பாக்கெட் ஏழரை வரை வாசலிலேயே கிடந்தது. பிறகு என் கணவர் எடுத்துவந்து, பொங்கவிட்டு, அடுப்பைத் துடைத்தார்.

அத்தை நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் இப்படித்தான் சொன்னாவ" என்றார். மூத்த மகன் பிறந்து மூன்றாம் மாதம். "பால் சேரலன்னு சொல்லி நிறுத்திட்டாவ. மல்லியப்பூவ மார்ல வச்சுக் கட்டுனாவ. கல்லு மாதிரி கட்டிக்கிட்டு, காய்ச்சல் வந்து கெடந்தேன். அந்தப் பக்கம் பய பசும்பாலக் குடிச்சுக் கழிஞ்சுக்கிட்டே கெடந்தான். ஏன் நிறுத்துனீயன்னு நான் கேக்கல. அப்ப எவ கேட்டா?" பால் வற்ற மல்லிகைப்பூவைக் கட்டுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம். அந்தப் பழக்கத்தை நான் படித்திருந்தேன். அதைச் சுமந்த உடம்பை அன்றுதான் பார்த்தேன். சேராதது எந்தப் பால் என்று ஐம்பது வருடத்துக்கு முன்பு யாராவது அவரிடம் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கு வேண்டிய சாப்பாட்டை அத்தைதான் ஞாபகப்படுத்தினார். பால் இல்லாமல் சமைப்பது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நான் கடைகடையாக அலைந்துகொண்டிருந்தேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டும் உளுந்தங்களியில் பால் கிடையாது. தேங்காய்ப்பால் சொதியில் கிடையாது. கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி, கருப்பட்டி போட்ட கடுங்காபி, எதிலும் கிடையாது. என் ஆச்சி வீட்டில் இரண்டு எருமை நின்றது. பாலெல்லாம் விற்பனைக்குப் போகும், பிள்ளைகளுக்கு மோர்தான். பாலை நாள்தோறும் குடிப்பது எல்லா வீட்டுக்கும் என்றைக்கும் வாய்த்ததில்லை. பாலூட்டும் பெண்ணுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மீதிக்கு மருத்துவர் மாத்திரை எழுதினார். குழந்தைக்கு ஆகாததை நிறுத்தச் சொல்ல எல்லோரும் இருக்கிறார்கள். அம்மாவின் எலும்புக்கு என்ன வழி என்று கேட்டவர் அந்த மருத்துவர் மட்டும்.

பேறுகால விடுப்பு அப்போது 12 வாரம்தான். 26 வாரமாக மாறியது 2017 திருத்தத்தில். தை மாதம் கல்லூரிக்குத் திரும்பினேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்று இருந்தது. நான் வேலை பார்த்த கல்லூரியில் அதைக் கேட்டபோது, "டப்பாப் பாலுக்கு மாறிடலாமே மேடம்" என்று அக்கறையாகச் சொன்னார்கள். பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய அறையில், நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, பால் பீய்ச்சி எடுத்தேன். குழந்தைக்கு மாற்றாகக் கொடுக்கக் கடையில் எளிதாக ஒன்று கிடைக்கும் என்ற நினைப்பின்மேல்தான் அலுவலகங்கள் நடக்கின்றன. கிடைக்காத குழந்தையின் அம்மா வேலையை விட்டுவிடுவாள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே.

மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது மருத்துவர் சொன்னபடி முதலில் பால் கலந்து சுட்ட பிஸ்கட்டில் கால் துண்டு, பிறகு அரைத் துண்டு என்று தொடங்கி, இரண்டு வயதில் தயிர் வரை வந்தோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் இது சரியாகிவிடுகிறது. இப்போது அவளுக்கு எல்லாம் ஒத்துக்கொள்கிறது. தயிர் மட்டும் பிடிக்காது. அது அவளுடைய இஷ்டம்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். மூன்று மாதக் குழந்தை, இதே சிவப்பு நூல். வீட்டில் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். முதலில் குழந்தை மருத்துவரைப் பார் என்றேன். அழுகிற குழந்தைக்கெல்லாம் இது இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் 100க்கு ஒன்றுக்கும் குறைவு. அவர் சொன்னால் மட்டும் விலக்கு, சொன்ன நாளில் திரும்பச் சாப்பிட்டுப் பார், கால்சியம் கேள், டப்பாவில் இருப்பதும் மாடுதான் என்று வீட்டில் சொல். சமையல் யார் செய்வது என்பதை இன்றைக்கே பேசு. எல்லாவற்றுக்கும் "சரி மேம்" என்றவள் கடைசியில் கேட்டாள்: "காபிக்கு என்ன மேம் செஞ்சீங்க?"

இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு சின்னக் கருப்பட்டித் துண்டு, இடித்த சுக்கு, வறுத்த மல்லி என்று தொடங்கினேன். "ஒரு நிமிஷம் மேம்" என்றாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் கணவனைக் கூப்பிட்டு, எழுதிக்கொள்ளச் சொன்னாள்.