உடலின் நினைவும் ஊரின் நினைவும்

அனோபிலிசு நுளம்பின் கடியோடு உட்புகும் மலேரியா ஒட்டுண்ணி முதலில் ஈரலிற் பெருகும். பின்னர் செங்குழியங்களுள் நுழையும். உடலோ வாளாவிருப்பதில்லை. நிணநீர்க்குழியங்களுள் ஒருவகை, நோயுற்ற ஈரற்கலங்களை அழிக்கின்றது. மற்றொருவகை பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. மண்ணீரலின் தின்குழியங்கள் ஒட்டுண்ணி தங்கிய செங்குழியங்களை விழுங்குகின்றன.

ஆயினும் இக்காவல் ஒருநாளிற் கைகூடுவதன்று. பலமுறை நோயுற்றுப் பிழைத்தோர்க்கே அது வாய்க்கும். நோயின் தொடர்பு அற்றால் தேய்ந்துபோகும். அதற்கான விலையாகக் குழந்தைகளின் உயிர்கள் பல சென்றன.

1934இல் பருவமழை பொய்த்தது, இலங்கையின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. காய்ச்சலோடு வாழ்ந்து பழகிய வறண்ட வலயத்தைவிட, அதனை அதிகம் அறியாத கேகாலைப் பகுதியே பெரிதும் அழிந்தது. 1935 முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

2016இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. இன்று இங்கு வளரும் பிள்ளைகளின் குருதி இந்நோயை அறியாது. அது பெரும்பேறே, ஆனால் அன்றைய கேகாலையின் குருதியும் அதனை அறியாதிருந்ததே!

உடல் மறந்ததை ஊர் மறத்தலாகாது. கடல்கடந்து வருவோரின் காய்ச்சலைச் சோதித்தலும், நுளம்பு பெருகும் நீர்நிலைகளைக் கண்காணித்தலுமே இனி இந்நாட்டின் நிணநீர்க்குழியங்கள்.