வேலிக்கு ஓர் இரும்புக்கால்

மரத்தூண் எங்கே முதலில் கெடுகிறது என்று கேட்டால், மண்ணுக்குள் புதைந்த அடிப்பகுதியில் என்றே பலரும் விடை கூறுவர். உண்மை சற்று வேறு. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. உயரத்தில் காற்று உண்டு, ஈரம் நிலைப்பதில்லை. ஈரமும் காற்றும் ஒருங்கே கூடும் இடம், மண்ணும் வெளியும் சந்திக்கும் அந்த ஒரு சாண் அளவே. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு அதுவே விருந்து மண்டபம். கறையானுக்கும் அதுவே வாசற்படி.

திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரில், வீட்டின் பின்புறத் தோட்டத்தை வளைத்து நிற்பவை பதினான்கு தேக்குக் கால்கள். பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த உத்தரங்களை அறுத்து, 1998-ஆம் ஆண்டில் என் தந்தையார் தம் கையால் நட்டவை அவை. ஏழடி நீளத்தில் இரண்டடி மண்ணுக்குள் இருந்தது. தோட்டத்தை அடுத்து, கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு ஒன்று இருக்கிறது. வேலைக்குச் செல்லும் எங்கள் மகள் தன் குழந்தையை எங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறாள். குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கியதும், என் மனைவி ஒவ்வொரு காலாக அசைத்துப் பார்த்தாள். ஆறு கால்கள் ஆடின.

"எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டுவிடுங்கள், மரத்தை நம்பிப் பிள்ளையை விடமுடியாது" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும் தந்தையார் நட்ட மரத்தை விறகாக்க மனம் ஒப்பவில்லை. முதிய தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உளிமுனையால் தட்டிப் பார்த்து, "மேலே மரம் கெட்டியா இருக்குதுங்க ஐயா, கால்தான் போச்சு. காலை மாத்திட்டாப் போதும்" என்றார். கெட்ட அடியை அறுத்துவிட்டு, நல்ல மரத்தை மண் தொடாதபடி இரும்பின்மேல் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

இத்தகைய இரும்புத் தாங்கிகள் மூவகைப்படும். முதலாவது, ஈட்டிபோல் கூர்மையுடையது. சம்மட்டியால் மண்ணுள் அறைவது. சிமெண்டு வேண்டாம், வேலையும் எளிது. ஆனால் சரளைக்கல் மண்ணில் கூர் விலகிச் சாயும். இளகிய மணலில் பிடிப்பு இராது. இரண்டாவது, தளத்தின்மேல் தகட்டை வைத்து மரை ஆணியால் முடுக்குவது. பாரத்தை நன்கு தாங்கும்; பக்கவாட்டில் தள்ளினால் அவ்வளவு விசையும் அந்த ஆணிகளையே பிடுங்கப் பார்க்கும். மூன்றாவது, இரு நெடும் பட்டைகளை இடையில் ஒரு குறுக்குத் தகட்டால் இணைத்தது. கீழ்ப்பாதி கான்கிரீட்டில் புதையும்; மேற்பாதி மரத்தை இருபுறமும் அணைத்துக் கொள்ளும். வேலிக்கு வரும் சோதனை மேலிருந்து வரும் பாரமன்று; காற்றும், உரசும் மாடும், சாயும் மனிதருமே. ஆகவே எங்கள் சரளை மண்ணுக்கு மூன்றாவதே ஏற்றது எனக் கண்டோம்.

ஊர்ப் பட்டறையில் மூன்றடி நீளப் பட்டைகளை வெட்டி, ஓரடி இடைவெளியில் மரை ஆணிக்கான துளைகளை இட்டு, பற்றவைத்து வாங்கினேன். ஒற்றை ஆணியெனில் மரம் அதையே அச்சாகக் கொண்டு அசையும். மேலும் கீழுமாக இரண்டு இருந்தால் அசைய வழியில்லை. துளையிடும் வேலையும் பற்றவைப்பும் முடிந்த பின்னரே துத்தநாக முலாமுக்கு அனுப்பினோம். ஏறத்தாழ 450 பாகை வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறை அது. வெறும் வண்ணப்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் துரு உள்ளே பரவும். துத்தநாகமோ, கீறல் விழுந்த இடத்திலும் இரும்பை முந்திக்கொண்டு தானே அரிபட்டு, அதைக் காக்கும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் அம்முலாம் விரைவில் தேயும்; அங்கு அதன்மேல் வண்ணமும் பூசுதல் நலம்.

குழி ஓரடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் நான்கு அங்குலம் ஜல்லி. அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி சேர்ந்த கலவை. பட்டையின் நுனி மண்ணைத் தொடாமல் கலவைக்குள்ளேயே ஒன்றரை அடி நின்றது. முதலில் இரு மூலைக் கால்களை நிறுத்தி, அவற்றிடையே நூல் கட்டி, தூக்குக்குண்டும் ரசமட்டமும் பார்த்து மற்றவற்றை அமைத்தார் கொத்தனார். கலவையின் மேற்புறத்தை நாற்புறமும் சரிவாகத் தேய்த்ததால் மழைநீர் தேங்காது. ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி நீர் தெளித்தோம்.

பின்னர் நாலரை அடியாகக் குறைந்த தேக்குக் கால்களின் வெட்டுமுகத்தில் தார் பூசினோம். மரம் நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அம்முகத்தின் வழியேதான். கலவைக்கும் மரத்துக்கும் இடையே இரண்டங்குல வெளி விட்டு முடுக்கினோம். அந்த வெளியில் காற்று உலவும். மரம் நனைந்தாலும் உலரும். கறையான் ஏறினால் அதன் மண்கூடு கண்ணுக்குத் தெரியும்.

இவ்வாறு செய்ய விரும்புவோர்க்கு ஒரு சொல். குழி தோண்டுமுன் நீர்க்குழாயும் மின்கம்பியும் எவ்வழி செல்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதற் கோடை கழிந்ததும் மரைகளை மீண்டும் முடுக்குங்கள். மரம் உலர்ந்து சுருங்கினால் பிடி தளரும்.

எல்லாம் முடிந்த மாலையில் என் மனைவி மறுபடியும் பதினான்கு கால்களையும் அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கித் தோட்டத்தில் விட்டாள்.